மலையிலிருந்து இறங்கும் கேள்வி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் ஊர்கள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் சிறு குடியிருப்புகளே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடையையோ காட்டையோ கடந்துதான் போக வேண்டும். ஜமுனாமரத்தூர், கோவிலூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர் என்று திருவண்ணாமலைப் பக்கத்திலும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று திருப்பத்தூர்ப் பக்கத்திலும் பிரிந்து கிடக்கும் இந்த மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைப்போர் உண்டு என்றாலும், அவர்கள் பேசுவது தமிழே. இத்தகைய நிலப்பரப்புக்குப் பொது நூலகத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று கேட்டால், நூல்களை மேலே ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி என்று நூலகத் துறை நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. அந்த வழி இன்றும் தேவையானதே. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு கைப்பேசியாவது இருக்கும் இக்காலத்தில் அதைவிடச் செலவு குறைந்த வழி ஒன்று திறந்திருக்கிறது: நூல் மேலே ஏறுவதற்கு முன்பே மலையிலிருப்பவரின் கேள்வி கீழே இறங்கி, நூலகர் கையில் சேர்ந்து, விடையாகத் திரும்பிப் போவது.

கேள்விக்கு விடை தேடித் தருவது நூலகத்தின் வேலையா என்று வியப்போர் இருக்கக்கூடும். பலருக்கு நூலகம் என்றால் செய்தித்தாள் படிக்கும் மேசையும், நூல் எடுத்துச் செல்லும் அட்டையுமே நினைவுக்கு வரும். வாசகர் தமக்கு வேண்டிய தகவலைக் கேட்க, நூலகர் அதற்குரிய நூலையோ பக்கத்தையோ விடையையோ தேடிக் கொடுப்பதைக் குறிப்புதவிப் பணி என்று நூலகவியலார் அழைக்கின்றனர். இலங்கைத் தமிழர் அதற்கு உசாத்துணைச் சேவை என்ற அழகிய சொல்லை வழங்குகின்றனர். இப்பணி நூலகரின் கடமைகளுள் ஒன்று என்னும் கருத்தை அமெரிக்காவின் உஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன் 1876-இல் முன்வைத்தார். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், இதையே நூலகத்தின் உயிர்நாடியாகக் கருதினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது.

குறிப்புதவியை ரங்கநாதன் இரண்டாகப் பிரித்தார். சில நிமிடங்களில், ஓர் அகராதியையோ ஆண்டு நூலையோ புரட்டிச் சொல்லிவிடக் கூடியது உடனடிக் குறிப்புதவி. பல நூல்களை ஒப்பிட்டு, சில வேளை நாள் கணக்கில் தேடிக் கொடுக்க வேண்டியது நெடுநேரக் குறிப்புதவி. ஜவ்வாது மலையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் உள்ள ஆடியின் விட்டம் எவ்வளவு என்று ஒரு மாணவர் கேட்டால், 2.3 மீட்டர் என்பதும், அத்தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பதும் உடனே சொல்லக்கூடிய விடைகள். இந்தியாவில் எத்தனையோ மலைகள் இருக்க இந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அதே மாணவர் அடுத்துக் கேட்டால், நகர விளக்கொளி எட்டாத இருண்ட வானம், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும் வாய்ப்பு என்று பல செய்திகளைத் திரட்டி, அம்மாணவரின் வகுப்புக்கு ஏற்ற நடையில் தர வேண்டியிருக்கும். முதல் கேள்விக்குத் தேடுபொறி போதும். இரண்டாவதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

மொபைல் என்ற சொல்லுக்கு நூலக வரலாற்றில் வேறு பொருள் இருந்ததை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. மொபைல் லைப்ரரி என்றால் நடமாடும் நூலகம், அதாவது சக்கரத்தின் மேல் ஏறிய நூலகம். 1931-ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் நூல்களை மாட்டு வண்டியில் ஏற்றிச் சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்; அவருக்குத் தூண்டுதலாக இருந்தவர் ரங்கநாதன். தஞ்சைச் சமவெளியில் மாட்டு வண்டி போகாத ஊர் இல்லை. மலையில் நிலைமை வேறு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இடமலக்குடி என்னும் முதுவர் பழங்குடியூரில் பி.வி.சின்னத்தம்பி என்ற தேநீர்க் கடைக்காரர் ஏறக்குறைய 160 நூல்களைச் சாக்குப் பைகளில் வைத்து நடத்திய சிறு நூலகத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியபோது, மலைமேல் வாசகர் இல்லை என்ற பேச்சு அடிபட்டுப் போயிற்று. ஆனால் 160 நூல்களுக்குள் விடை இல்லாத கேள்வி எழும்போது அந்த வாசகர் எங்கே போவார் என்பதை நூலகங்களைத் திட்டமிடுவோர் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

தொலைவிலிருந்து கேட்பவருக்கு விடை சொல்வது புதிய வழக்கம் அன்று. நியூயார்க் பொது நூலகம் தொலைபேசிக் கேள்விகளுக்கென்றே ஒரு பிரிவை 1968-இல் அமைத்தது. குறுஞ்செய்தி பரவியபின், 2005-இல், அமெரிக்காவின் தென்கிழக்கு லூசியானா பல்கலைக்கழக நூலகம் மாணவர் கைப்பேசியிலிருந்து அனுப்பும் எஸ்எம்எஸ் கேள்விகளுக்கு விடையளிக்கத் தொடங்கியது. 2009-இல் பல நூலகங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே எண்ணுக்கு வரும் கேள்விகளை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. இந்தியாவில் நூலகம் என்ற பெயரைத் தாங்காமலே இந்தப் பணியைச் செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. 2004 ஜனவரியில் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையம் அவற்றுள் முக்கியமானது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் வேளாண் பட்டதாரி ஒருவர் உழவரின் மொழியிலேயே விடையளிக்க, அவருக்குத் தெரியாதது அடுத்த நிலையில் உள்ள வல்லுநருக்குப் போகிறது. தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, மாணவர்களின் ஐயங்களுக்கு 14417 என்று எண்கள் இருக்கின்றன. இவை யாவும் ஒரு துறைக்குள் நின்றுவிடுகின்றன. மனிதரின் கேள்விகளோ துறை பார்த்துப் பிறப்பதில்லை.

தமிழகக் கரையில் நிகழ்ந்த ஒன்று, தொலைபேசியும் தகவல் மையமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மறக்க முடியாதபடி காட்டியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை அமைத்து, மீனவர்களுக்கு அலை உயரமும் காற்றின் போக்கும் பற்றிய செய்திகளை ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவிக்க, சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் கடல் உள்ளே வருவதற்குள் காலியானது. சிங்கப்பூரிலிருந்து வந்த அழைப்பு ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. அதை ஊருக்குரிய செய்தியாக்கியது, நெடுநாளாக அந்த ஒலிபெருக்கியை நம்பிப் பழகியிருந்த வழக்கம்.

ஜவ்வாது மலைக்கென்று ஒரு நூலக எண் அமைந்தால் அதற்கு வரக்கூடிய கேள்விகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே இறங்கிப் பார்ப்பது நல்லது. மலையாளி வகுப்பு எஸ்டி பட்டியலில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இருக்கிறது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலான இணையப் பக்கங்களும் அப்படித்தான் சொல்லும். ஆனால் 1950-ஆம் ஆண்டின் பழங்குடியினர் ஆணையையும், அதைத் திருத்திய 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துப் பார்க்கும் நூலகருக்கு, தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு மாவட்டங்களின் பெயர்கள் மட்டுமே இருப்பது தெரியவரும். அவற்றுள் வட ஆற்காடு என்ற மாவட்டம் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. 1989-இல் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி பின்னர் திருவண்ணாமலை என்றும், மறுபாதி வேலூர் என்றும் ஆயின. வேலூரிலிருந்து 2019 நவம்பரில் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிறந்தன. ஆகவே திருவண்ணாமலை என்ற பெயரையோ திருப்பத்தூர் என்ற பெயரையோ பட்டியலில் தேடும் ஒருவர், காணவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. பழைய வட ஆற்காட்டுக்குள் தம் மலை இருந்தது என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. இதே வகுப்பினர் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழ்ந்தும், அம்மாவட்டம் பட்டியலில் இல்லாததால் சான்றிதழ் பெற முடியாமல் போராடி வருகின்றனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாவட்டப் பெயர் ஒரு பிள்ளையின் படிப்பை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பது விளங்கும்.

இங்கேதான் நூலகவியலார் குறிப்புதவி நேர்காணல் என்று குறிப்பிடும் நுட்பம் தேவைப்படுகிறது. வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு உண்மையில் வேண்டிய கேள்வியாக இருப்பதில்லை. தம் தேவையைத் தமக்குத் தெரிந்த சொல்லில் சுருக்கி, நூலகர் இதைத்தான் சொல்லுவார் என்று அவராக ஊகித்து, ஒரு பொதுவான கேள்வியாக்கிக் கேட்கிறார். சான்றிதழ் யாருக்கு, எந்த ஊரில் பிறந்தவர், தந்தைக்கு ஏற்கெனவே சான்றிதழ் உண்டா, விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று நான்கு எதிர்க்கேள்விகள் கேட்டபின், முதல் கேள்வி முற்றிலும் வேறொன்றாக மாறியிருக்கும். மேசைக்கு எதிரே நிற்பவரிடம் இதை இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். குறுஞ்செய்தியில் ஒவ்வோர் எதிர்க்கேள்விக்கும் ஒரு பொழுது கழியும். மலையில், அடுத்த முறை டவர் கிடைக்கும் இடத்துக்கு அவர் வரும்வரை கழியும். ஆகவே எழுத்தில் வந்த கேள்விக்கும் நூலகர் குரலில் திரும்ப அழைப்பதே சிறந்தது. இதற்கு நம் ஊரில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மிஸ்டு கால் கொடுத்தால் மறுமுனையில் இருப்பவர் திரும்ப அழைப்பார் என்பது பள்ளிக்குப் போகாதவர்களும் அறிந்த ஏற்பாடு. அழைப்பவருக்குக் காசு செலவில்லை, எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

எழுதுவது என்று வரும்போது தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மேலைநாட்டு நூலகங்களின் அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாமைக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழை ஏற்கும் யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறியும் பதினாறு பிட் எடுப்பதால் 70 குறிகளே அடங்கும். அந்த 70-ம் முழு எழுத்துகள் அல்ல. மெய்யோடு சேரும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுகின்றன. ஜமுனாமரத்தூர் என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து, கைப்பேசிக்குப் பதின்மூன்று குறி. சாமை விதைக்க ஏற்ற பட்டம் எது என்ற பதினைந்து எழுத்துக் கேள்வி, இடைவெளிகளையும் கேள்விக்குறியையும் சேர்த்து 29 குறிகளை விழுங்கிவிடும். கேள்விக்கு இடம் போதும், விடைக்குப் போதாது. நீண்ட செய்தியைப் பல துண்டுகளாக அனுப்பினால் ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகளே மிஞ்சும். வாட்ஸ்அப் வந்தபின் இந்தச் சிக்கல் குறைந்தது. அதைவிட, விரலை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்பும் குரல் செய்தி, தட்டச்சு என்ற தடையையே நீக்கிவிட்டது. மலையாளிகளின் பேச்சுத் தமிழில், அவர்கள் பயிருக்கும் செடிக்கும் வழங்கும் பெயர்களிலேயே கேள்வி வந்து சேரும் என்பது இதன் பெரிய பயன்; அந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளும் நூலகர் நாளடைவில் எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொற்கோவைக்கு உரியவராகிவிடுவார்.

அலைவரிசையைப் பொறுத்தவரை, மலையில் ஓர் இடத்தில் நான்கு கட்டம் காட்டும் கைப்பேசி பத்தடி தள்ளி ஊமையாகிவிடுவது வழக்கம். காவலூரின் தொலைநோக்கி பல ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் மங்கலான ஒளியைப் பிடிக்கிறது. அதே மலையின் மடிப்பு ஒன்றுக்குள் அடுத்த மேட்டில் நிற்கும் கோபுரத்தின் அலை எட்டுவதில்லை. ரேடியோ அலை நேர்க்கோட்டில் போக விரும்பும், பாறை அதை மறைக்கும் என்பதே காரணம். நாடு முழுவதும் 4ஜி எட்டாத 24,680 ஊர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்க 2022 ஜூலையில் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, அப்பணியை பிஎஸ்என்எல்லிடம் ஒப்படைத்தது. கோபுரங்கள் பெருகும் என்று எதிர்பார்க்கலாம். அதுவரையிலும், அதற்குப் பின்னரும், விடையை எடை குறைவாக அனுப்பக் கற்பது நூலகரின் பொறுப்பு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் இணையத்தில் மூன்று பைட் எடுக்கும். 2,000 குறிகள் கொண்ட தெளிவான விடை ஆறு கிலோபைட்தான், நலிந்த அலைவரிசையிலும் போய்விடும். அதே விடை உள்ள நூல் பக்கத்தை அப்படியே படம் பிடித்தால் சில நூறு மடங்கு கனமாகி, பாதி வழியில் சுழன்றுகொண்டே நிற்கும். பக்கத்தைப் படித்து, வேண்டிய பத்தியை எடுத்து எழுதி அனுப்பும் நூலகர், ரங்கநாதனின் நான்காவது விதியோடு வாசகரின் டேட்டாவையும் காப்பாற்றுகிறார்.

கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பதை மறந்து திட்டமிட்டால் எல்லாம் வீணாகும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 விழுக்காட்டினர்தான். மலைக் குடும்பங்களில் இருக்கும் ஒரு கைப்பேசியும் பெரும்பாலும் வேலைக்கு வெளியூர் போகும் ஆணின் சட்டைப்பையில் போய்விடும். பிள்ளைகளில் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். அங்கே மாணவர் கையில் கைப்பேசி இருக்காது, இருக்கவும் கூடாது. ஆகவே தனிமனிதர் கேட்பது என்ற மேலைநாட்டு அமைப்பை மாற்றி, பள்ளிக்கு ஒரு நோட்டு, அதில் மாணவர் எழுதும் கேள்விகள், வாரம் ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் தம் கைப்பேசியில் அவற்றைப் படித்து அனுப்புவது என்று வைப்பது இந்த மலைக்குப் பொருந்தும். 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவருக்குப் பின்னே வரும் பிள்ளைகளுக்குப் பாராட்டைவிட உதவக்கூடியது, எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடத்திட்டம், எந்த நாள் கடைசி நாள் என்பதைக் கேட்டறிய ஓர் இடம்.

கடைசி நாள் என்ற சொல் மலையில் இன்னொரு வகையிலும் கனமானது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தைப் பயன்படுத்தி வாழும் பழங்குடியினருக்கு நான்கு எக்டேர் வரையில் உரிமை வழங்க வழிசெய்கிறது. கோரிக்கை முதலில் கிராம சபைக்குப் போக வேண்டும். சபையின் முடிவு பாதகமாக இருந்தால் 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிட வேண்டும். இந்த 60 நாள் கணக்கு தெரியாமல் 61-ஆம் நாள் வருபவருக்கு எந்த நூலும் உதவாது. இத்தகைய இடங்களில் நூலகர் வழக்கறிஞராகிவிடக் கூடாது என்பதும் உண்மை. சட்டத்தின் இந்தப் பிரிவு இதைச் சொல்கிறது, இந்தப் படிவம் இங்கே கிடைக்கும், மேலும் கேட்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது அவருடைய எல்லை. மருந்துக் கேள்விக்கும் இதே எல்லை உண்டு. அங்கே 104-ஐச் சொல்லிவிட வேண்டும். சாமை பற்றிக் கேட்பவருக்கு, திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருப்பதையும், ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததையும் சொல்லலாம். விடை தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்று சொல்வதும் விடையே.

விடை தேட நூலகருக்குக் கைக்கெட்டிய மூலங்கள் முன்னெப்போதையும்விட இன்று அதிகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் நிறுவனத்தின் தளம் என்று கட்டணமில்லாத தமிழ்க் களஞ்சியங்கள் பல. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளைத் தயக்கமின்றி முழுதாகவே அனுப்பலாம். மற்றவற்றில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும் என்பதால், சொந்தப் படிப்புக்கென்று ஒரு சிறு பகுதியை மட்டும் அனுப்புவதே முறை.

இவ்வளவுக்கும் ஒரு மனிதர் எதற்கு, செயற்கை நுண்ணறிவு போதாதா என்ற கேள்வி இப்போது எழாமல் இராது. சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழுவும் பிறரும் உருவாக்கிய ஜுகல்பந்தி என்ற உரையாடல் செயலி, அரசுத் திட்டங்களைப் பற்றிய கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் இந்திய மொழிகளில் விடையளிப்பதை 2023-இல் காட்டியது. குரலை எழுத்தாக்கவும், ஒரே கேள்வி நூறு முறை வரும்போது சலிக்காமல் பதில் சொல்லவும் இத்தகைய கருவி நூலகருக்கு நல்ல உதவியாள். ஆனால் இந்தக் கருவிகள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகாதவை. வட ஆற்காடு எங்கே போயிற்று என்பது போன்ற இடத்தில், தவறான விடையையும் சரியான விடையின் அதே நிதானத்தோடு சொல்லிவிடும். எந்தச் சட்டம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று மூலத்தைச் சேர்த்துச் சொல்வது நூலகரின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்துக்கு உட்பட்டே கருவி இயங்க வேண்டும்.

இனி, பதில் சொல்லப்போவது யார் என்பது. 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் நூலகங்கள் மாவட்ட வாரியாக, சொத்து வரியோடு பெறப்படும் நூலக வரியைக் கொண்டு, நூலக ஆணைக்குழுக்களால் நடத்தப்படுகின்றன. மலையோ ஒன்று, மாவட்டங்களோ மூன்று. புதூர்நாட்டுக்காரர் திருப்பத்தூர்ப் பக்கம், ஜமுனாமரத்தூர்க்காரர் திருவண்ணாமலைப் பக்கம் என்று பிரித்தால், ஒரே காட்டில் தேன் எடுக்கும் இருவருக்கு இரண்டு எண்கள் தேவைப்படும். எல்லை பார்க்காத ஒரே எண்ணைத் திருவண்ணாமலை மாவட்ட மைய நூலகம் போன்ற ஒரு நூலகம் ஏற்று நடத்த, அங்கே விடை கிடைக்காத கேள்விகள் கன்னிமாரா நூலகத்துக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் போவதே பொருத்தம். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. கிளை நூலகர் பலர் ஏற்கெனவே ஒற்றை ஆளாக நூல் கொடுப்பதும் வாங்குவதும் கணக்கெழுதுவதுமாக இருப்பதால், இந்த எண்ணையும் அவர்கள் தலையில் கட்டினால் அது ஒரு மாதத்தில் ஊமையாகிவிடும். இதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்ட ஒருவர், இத்தனை மணிக்குள் விடை வரும் என்ற ஓர் உறுதி, வந்த கேள்விகளையும் சொன்ன விடைகளையும் எழுதும் ஒரு பதிவேடு ஆகிய மூன்றும் இல்லாமல் எண்ணை மட்டும் அறிவிப்பது ஏமாற்று.

அந்தப் பதிவேட்டில் கேட்டவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் தங்கக் கூடாது. வன நிலத்தைப் பற்றியோ, நோயைப் பற்றியோ, கடனைப் பற்றியோ கேட்டவர் யார் என்று பிறிதோர் அலுவலகம் அறியும் வாய்ப்பு இருந்தால் மலையிலிருந்து இரண்டாவது கேள்வி வராது. விடை போய்ச் சேர்ந்தவுடன் எண்ணை அழித்துவிட்டு, கேள்வியையும் விடையையும் மட்டும் வைத்துக்கொண்டால், ஒரே ஆண்டில் ஜவ்வாது மலை மக்கள் எதையெல்லாம் அறிய விரும்புகிறார்கள் என்பதற்கு இதுவரை யாரும் எழுதாத ஓர் ஆவணம் கிடைக்கும். அடுத்த ஆண்டு எந்த நூல்களை மலைக்கு ஏற்ற வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.

நூலகத் துறை அப்படி ஓர் எண்ணை அறிவிக்கும் நாளில், அதை நூலக வாசலில் மட்டும் ஒட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. ரேஷன் கடைச் சுவரிலும், உறைவிடப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும், போளூரிலிருந்து மலையேறும் பேருந்துகளின் உள்ளேயும், தொலைவிலிருந்தே தெரியும் பெரிய இலக்கங்களில் அதை எழுதி வைக்க வேண்டும்.